அருணாசலம் பிள்ளையின் மீன்

மலாக்காவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் வலது கையில் ஒரு பெட்டியும் இடது கையில் பன்னிரண்டு மீன்களும் இருந்தன. மீன்கள் ஒரு கண்ணாடி ஜாடியில், ஃபார்மலினில் மிதந்துகொண்டிருந்தன. பக்கத்து இருக்கைச் சீனப் பெரியவர் வழியெல்லாம் அந்த ஜாடியையே முறைத்துக்கொண்டு வந்தார். இறங்கும் சமயத்தில் அவர் ஏதோ சொல்ல, கண்டக்டர் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்கள் ஊறுகாய் கெட்டுப்போய்விட்டதாம். வாசனை அடிக்கிறதாம். எறிந்துவிடச் சொல்கிறார்."

அந்த ஊறுகாய்க்காகத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறேன் என்று அவருக்கு எப்படி விளக்குவது? சென்னையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுப்பது என் பிழைப்பு. ஆற்று மீன், குளத்து மீன்களை இனம் பிரித்துப் பெயர் வைப்பது என் பைத்தியம். ஆங்கிலப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, மலாக்கா நகராட்சியில் குமாஸ்தாவாக இருக்கும் வேலு பிள்ளை என்பவர் எனக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். ஒருநாள் யாரோ பயணி மூலம் இந்த ஜாடியையும் அனுப்பிவைத்தார். உள்ளே இருந்தவை விரால் குடும்பத்து மீன்கள். விரல் நீளம் இருக்கும். இரண்டு பக்கமும் தலையிலிருந்து வால்வரை இரண்டிரண்டு கறுப்புக் கோடுகள். என்னிடமிருந்த எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு விரால் இல்லை. சோறு தண்ணீர் மறந்து ஒரு வாரம் செதில்களை எண்ணினேன், துடுப்பு நரம்புகளை எண்ணினேன். உலகத்துக்கே புதிய மீன் என்று முடிவு கட்டினேன்.

புது மீனுக்குப் பெயர் வைப்பதில் எங்கள் கூட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. கண்டுபிடித்துக் கொடுத்தவர் பெயரை வைக்கலாம்; சொந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. வேலு பிள்ளையைக் கேட்டு எழுதினேன். "என் பெயர் வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் இந்த மீனை எனக்குக் காட்டியவர் என் அப்பா. அவர் பெயர் அருணாசலம் பிள்ளை. அதை வைக்க முடியுமா?" என்று பதில் வந்தது. தாராளமாக என்றேன். லத்தீன் வால் ஒன்றை ஒட்டி 'அருணாசலமி' என்று வைத்தேன். கட்டுரை அச்சுக் கோத்து, திருத்தப்படியும் வந்துவிட்டது. கடைசி நேரத்தில் சஞ்சிகை ஆசிரியர் ஒரு முட்டுக்கட்டை போட்டார். எல்லாம் சிறுசுகளாக இருக்கின்றனவே, வளர்ந்த மீன் ஒன்றைக் காட்டு, அப்புறம் அச்சிடுகிறேன் என்றார். மகா சந்தேகப் பிராணி என்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கப்பல் ஏறினேன்.

பஸ் நிலையத்தில் வேலு பிள்ளை குடையோடு காத்திருந்தார். நெற்றியில் மூன்று பட்டைத் திருநீறு. "வணக்கம், எப்போது வந்தீர்கள், வெகுநேரம் காத்திருக்கிறீர்களா?" என்று தமிழில் பொழிந்தேன். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். பிறகு ஆங்கிலத்தில், "மிஸ்டர் சேதுராமன், வணக்கம் மட்டும்தான் புரிந்தது" என்றார். காஜா பெராங்கில் உள்ள அவர்கள் குடியிருப்பான கம்போங் செட்டியில் யாருமே தமிழ் பேசுவதில்லையாம். நூற்றாண்டுகளுக்கு முன் வந்த வியாபாரிகளின் வம்சம். பேச்சு மலாய்; அதிலும் அவர்களுக்கே உரிய ஒரு மலாய். சாமி தமிழ்ச் சாமி. மைலாப்பூரில் திருநீறு பூசாமல் தமிழ் மட்டும் பேசுகிற என் சித்தப்பா பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

மூன்று சக்கர வண்டியில் போகும்போது வேலு மெதுவாகச் சொன்னார். "அப்பா மூன்று மாதத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். ஆனால் உங்கள் கடிதம் அதற்கு முன்பே வந்துவிட்டது. மூன்று முறை படித்துக் காட்டினேன்." நல்ல வேளை, தாமதிக்காமல் எழுதினோமே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கம்போங்கில் என்னை மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வரவேற்றார்கள். வாசலுக்கு வாசல் நின்று பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகள் ஜாடியைக் காட்டி "இக்கான், இக்கான்" என்று கூடவே ஓடிவந்தார்கள். இக்கான் என்றால் மீன். நான் கற்ற முதல் மலாய்ச் சொல். அருணாசலம் பிள்ளை பெயரில் உலகத்தில் ஒரு மீன் இருக்கிறது என்பது அந்தச் சிறிய குடியிருப்பில் அறியாதவர் யாருமில்லை. நான்கு நாள் கழித்து வரும் பழக்காலப் பார்ச்சுக்கு நான் அவசியம் இருக்க வேண்டும் என்றார் வேலு. பார்ச்சு என்பது இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைக்கும் சடங்கு. அப்பாவுக்கு அவர் போடப்போகும் முதல் இலை அது. குடும்பத் தலைவர் இலைமுன் உட்கார்ந்து, அந்த வருஷத்து வீட்டுச் சேதிகளை இறந்தவருக்குச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். "பெயர் அச்சுக் கோத்தாகிவிட்டது என்று சொல்லி, நீங்கள் கொண்டுவந்த திருத்தப்படியை இலைப் பக்கத்தில் வைப்பேன்" என்றார்.

முதல் சிக்கல் சாப்பாட்டில் வந்தது. வேலுவின் மனைவி தெய்வானை, சாரோங்கும் கெபாயாச் சட்டையுமாகக் கம்பீரமான பெண்மணி. நான் பிறந்ததிலிருந்து சைவம் என்பதை வேலு அவரிடம் சொன்னதும், அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அடுப்படியிலிருந்த இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வேலு சங்கடத்தோடு மொழிபெயர்த்தார்: "மீனைத் தின்னாதவரா மீனுக்குப் பெயர் வைக்கிறார் என்று கேட்கிறார்கள்." சமைத்துத் தின்பவர்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்ன பெயர் வைத்துவிட்டார்கள் என்று கேட்க நினைத்தேன். விருந்தாளியாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அன்னாசிப்பழத்தில் ஒரு குழம்பு, தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, தொட்டுக்கொள்ள ஒரு சிவப்புச் சம்பல். அந்தச் சம்பல் என்னை அடிமைப்படுத்திவிட்டது. மூன்றாம் முறை வாங்கிக்கொள்ளும்போதுதான் சந்தேகம் வந்து, "இதில் மீன் ஏதும் இல்லையே?" என்று வேலு மூலம் கேட்டேன். "மீனா? சத்தியமாக இல்லை" என்றார் தெய்வானை. மறுநாள் அம்மியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது இறால் அரைத்த விழுது. இறால் மீன் இனத்தில் சேராது என்பதை இருபது வருஷமாக மாணவர்களுக்குப் போதித்துவருபவன் நான். எந்த முகத்தோடு சண்டை போடுவது?

இரண்டாம் நாள் வலை வாங்கப் போனேன். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயிலையும் பள்ளிவாசலையும் தாண்டினால் காதர் பாயின் கடை. கயிறு, தூண்டில், அரிக்கேன் விளக்கு, வாளி, எல்லாம் கிடைக்கும். ராமநாதபுரத்துக்காரர். இங்கே வந்து முப்பது வருஷம் ஆகிறதாம். இரண்டு நாளாகத் தமிழ் கேட்காத காதுக்கு அவர் பேச்சு தேனாக இருந்தது.

"மதராஸ்லேர்ந்து மீன் புடிக்க இம்புட்டுத் தூரமா?" என்றார். "அங்கன கூவத்துல எல்லாம் தீந்து போச்சா தம்பி?"

கூவத்தைப் பற்றிப் பேசாதீர்கள் பாய் என்றேன். ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நமக்குக் கடல் மீனுதான் தெரியும். இது என்னமோ வெளுத்துப்போன பாம்புக்குட்டி கணக்கா இருக்கு. குருபோங் பக்கத்துச் சதுப்புல ஒரு மலாய்க்காரன் இருக்கான், மாட்னு பேரு. என்கிட்டதான் தூண்டில் வாங்குவான். அவனுக்குத் தெரியாத மீனு கெடையாது. நாளைக்கு நானே கூட வர்றேன் லா. ஒங்க பாஷை அவனுக்குப் புரியாது, அவன் பாஷை ஒங்களுக்குப் புரியாது, ரொம்ப சூசாவாப் போயிரும்." சூசா என்றால் தொல்லை. முப்பது வருஷத்தில் அவர் தமிழோடு கலந்துவிட்ட சொற்களில் ஒன்று; வாக்கியத்தின் வாலில் ஒட்டும் 'லா'வும் அப்படித்தான்.

ஊரில் அப்போது தையல்காரர்களுக்கு ஓயாத வேலை. மலாயா சுதந்திரம் அடையச் சில வாரங்களே இருந்தன. எல்லாக் கடையிலும் கொடி தைத்தார்கள். வேலுவின் அலுவலகத்தில் குடியுரிமைப் படிவங்கள் மலை மாதிரி குவிந்திருந்தன. சாயங்காலம் காப்பி குடிக்கும்போது அவர் சொன்னார்: "எல்லோருக்கும் நான்தான் பூர்த்தி செய்து கொடுக்கிறேன். என்னுடையதை மட்டும் கடைசிக்கு வைத்திருக்கிறேன். இனம் என்ற கட்டத்தில் இந்தியன் என்று எழுதினால், என் பேச்சைக் கேட்கிறவர்கள் மேலும் கீழும் பார்ப்பார்கள். மலாய் என்று எழுதினால் சாமி கோபித்துக்கொள்வார்." அவரே சிரித்தார். "அதனால்தான் உங்கள் கடிதம் வந்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். எங்கள் பெயரை ஒருவர் ஓரிடத்தில் தெளிவாக எழுதிவிட்டார் அல்லவா."

மூன்றாம் நாள் காலை காதர் பாயும் நானும் குருபோங்குக்குப் பஸ் ஏறினோம். வேலுவுக்கு அலுவலகம். பஸ்ஸில் ஆட்களைவிடக் கோழிகள் அதிகம். பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. நம் ஊராக இருந்தால் இதற்குள் நான்கு பேர் டிரைவரைத் திட்டி, இரண்டு பேர் கம்பெனியைத் திட்டி, ஒருவர் அரசாங்கத்தையே திட்டியிருப்பார். இங்கே எல்லோரும் இறங்கி மரத்தடியில் உட்கார்ந்து ரம்புத்தான் பழம் உரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கும் ஒரு கொத்து கொடுத்தார்கள். தோலில் முடி முளைத்த பழத்தை முதல்முறை வாயில் போடுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். போட்ட பிறகு நிறுத்துவதற்கு அதைவிடத் துணிச்சல் வேண்டும். கடைசியில் பஸ் கிளம்பவே இல்லை. மீதித் தூரத்தைச் சேற்றில் நடந்தோம்.

மாட் தன் குடிசை வாசலில் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். காதர் பாய் என்னைப் பற்றி நீளமாக அறிமுகம் செய்தார். நான் ஜாடியை மரியாதையாக நீட்டினேன். மாட் ஒரு பார்வை பார்த்தார். "அனாக் தோமான்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஈயம் கட்டத் தொடங்கினார்.

"தோமான் குஞ்சுங்கிறான்" என்றார் காதர் பாய்.

தோமானை எனக்குத் தெரியும். நேரில் அல்ல, புத்தகத்தில். விரால் குடும்பத்திலேயே பூதம் அது. ஆள் நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவாக வளரும். கருநீல முதுகும் வெள்ளை வயிறும். கோடு கீடு ஒன்றும் கிடையாது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஐரோப்பாவில் ஒரு பெரியவர், இப்பக்கத்துக்கு வந்தே பார்க்காமல், அங்கே போய்ச் சேர்ந்த மீனை வைத்து அதற்குப் பெயர் சூட்டியிருந்தார். "அது வேறு, இது வேறு என்று சொல்லுங்கள் பாய்" என்றேன். காதர் பாய் சொன்னார். மாட் பெருமூச்சு விட்டு எழுந்தார்.

சின்னப் படகில் சதுப்புக்குள் அழைத்துப் போனார். ஓரிடத்தில் துடுப்பை நிறுத்திக் கை காட்டினார். தண்ணீர் சோறு கொதிப்பதுபோலக் கொப்பளித்தது. நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே உருண்டையாக மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போயின. நல்ல செம்மஞ்சள் நிறம். நடுவில் இரண்டு கறுப்புக் கோடுகள். என்னுடைய அருணாசலமி. ஃபார்மலின் தின்றுவிட்ட அந்த நிறத்தை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தேன். ஆனந்தத்தில் கைவலையை நீட்டிக்கொண்டு படகின் விளிம்பில் சாய்ந்தேன். மாட் ஏதோ கத்தினார்.

அடியிலிருந்து ஏதோ ஒன்று வலையை மோதிப் பறித்தது. நான் தலைகுப்புறத் தண்ணீருக்குள் விழுந்தேன். இடுப்பளவுதான் ஆழம். எழுந்து நிற்பதற்குள் கெண்டைக்காலில் நெருப்பு பட்டதுபோல ஒரு கடி. காதர் பாயும் மாட்டும் என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துப் படகில் போட்டார்கள். பல் பதிந்த இடத்தில் ரத்தம் வழிந்தது. மாட் நிதானமாக ஒரு வாக்கியம் சொன்னார். காதர் பாய் சிரிப்பை அடக்க முடியாமல் மொழிபெயர்த்தார்: "தாய்க்காரி தம்பி. புள்ளைங்க யாருதுன்னு அவளே சொல்லிட்டாங்கிறான்."

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. எந்த மீனும் எந்தக் குஞ்சுக்குப் பக்கத்திலும் இருக்கலாமே என்று வாதாடினேன். குடிசைக்குத் திரும்பியதும் மாட் மூங்கில் பட்டியில் உயிரோடு விட்டிருந்த மீன்களை எடுத்து ஒரு பலகையில் வரிசையாக வைத்தார். விரல் நீளம், சாண் நீளம், முழம், ஒன்றரை முழம். சின்னதில் கோடுகள் பளிச்சென்று இருந்தன. அடுத்ததில் செம்மஞ்சள் மங்கியிருந்தது. அதற்கடுத்ததில் கோடுகள் விட்டுவிட்டு உடைந்திருந்தன. கடைசியில் இருந்தது புத்தகத்தில் பார்த்த அதே கருநீலத் தோமான். நான் ஈரச் சட்டையோடு உட்கார்ந்து செதில்களை எண்ணினேன். தொண்ணூறுக்குப் பக்கம். எல்லாவற்றிலும் அதே.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சென்னையில் எண்ணியபோதும் தொண்ணூறுக்குப் பக்கம்தான் வந்தது. அது தோமானின் கணக்கு என்று அப்போதே தெரியும். கோட்டைப் பார்த்து மயங்கி, கணக்கைத் தள்ளிவிட்டேன். நம் ஊரில் ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவருக்குக்கூட விரால் குஞ்சு சிவப்பாக இருக்கும், வளர்ந்தால் நிறம் மாறும் என்று தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. நான் மீன்களை ஜாடியில் மட்டுமே பார்த்தவன். அவற்றுக்குக் குழந்தைப் பருவம் உண்டு என்பதே என் ஞாபகத்தில் இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் காலைவிட மனது அதிகமாக வலித்தது. மீனுக்குப் புதுப் பெயர் கிடையாது. குஞ்சுக்கு ஏற்கெனவே தாயின் பெயர் இருக்கிறது. நாளை மறுநாள் வேலு தன் அப்பாவின் இலைமுன் என்ன சொல்லப்போகிறார்?

"நா ஒண்ணு சொல்றேன், கேளுங்க" என்றார் காதர் பாய். "வாயத் தொறக்காம ஊருக்குப் போயிருங்க. அங்க போயி மெதுவா பேர அழிச்சிக்கிருங்க. பெரியவரு சந்தோசமா மவுத்தாயிட்டாரு. வேலுவும் சந்தோசமா இருக்கட்டும். யாருக்கு என்னா நட்டம்?"

அதைவிட மோசமான யோசனை ஒன்று எனக்கே வந்தது. பெரிய மீன் அகப்படவில்லை என்று ஆசிரியரிடம் சாதித்து, பெயரை அச்சிட்டுவிட்டால்? எவனாவது கண்டுபிடிக்க இருபது வருஷம் ஆகும். நல்ல காரியத்துக்குப் பொய் சொல்லலாம் என்று வள்ளுவரே சொல்லவில்லையா? வள்ளுவரை இப்படித் துணைக்கு அழைக்கிறவன் உருப்பட்டதில்லை என்பதும் தெரியும்.

வீட்டில் தெய்வானை என் காலைப் பார்த்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். பிறகு காதர் பாயிடம், "தோமானா?" என்றார். பாய் தலையாட்டினார். அந்த அம்மாள் சொன்னதைப் பாய் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்.

"இவுங்களுக்கு மொதல்லேயே தெரியுமாம் தம்பி. ஜாடியில போடும்போதே, தோமான் குஞ்ச எதுக்கு மதராசுக்கு அனுப்புறீங்கன்னு கேட்டாங்களாம். அப்பறம் ஒங்க கடுதாசி வந்துச்சா, புது மீனுன்னு. படிச்சவுகளுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்னு வேலு சொல்லிட்டாராம்."

தெய்வானை என்னை நேராகப் பார்த்து இன்னும் ஏதோ சொன்னார். அதில் கோபம் இல்லை. பாய் சொன்னார்: "பார்ச்சுக்கு முந்தி நீங்களே அவர்ட்ட சொல்லிறணுமாம். செத்தவுகளக் கூப்ட்டு ஒக்கார வச்சு இந்த வீட்டுல யாரும் பொய் சொன்னதில்லையாம். அவரு தெரியாம எலைமுன்ன சொல்லி, நீங்க தெரிஞ்சுக்கிட்டு சும்மா இருந்துட்டீங்கன்னா, அது ஒங்க பொய்யாயிருமாம்."

நான்காம் நாள் சாயங்காலம்வரை அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலு அலுவலகத்திலிருந்து வந்து, வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரம் படையலுக்கு வாழையிலை அறுத்துக்கொண்டிருந்தார். நொண்டிக்கொண்டே போய் நின்றேன். சேற்றில் வழுக்கிவிட்டது என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"வேலு, வழுக்கவில்லை. தோமான் கடித்தது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மீன் புதியதல்ல, பெயர் நிற்காது, தப்பு முழுக்க என்னுடையது. சட்டைப் பையிலிருந்த திருத்தப்படியை எடுத்து, அவர் கண்முன்னே அந்தப் பெயரைக் குறுக்கே அடித்தேன்.

அவர் அறுத்த இலைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். கண்டபடி திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்பா இந்த இடத்தில்தான் எனக்கு அதைக் காட்டினார்" என்றார்.

"காட்டும்போது என்ன மீன் என்று சொன்னார்?"

அவர் கத்தியை இலைகளின்மேல் வைத்தார். "தோமான் குஞ்சு என்றுதான் சொன்னார்."

"பின்னே எனக்கு ஏன் எழுதவில்லை?"

"எழுதத்தான் நினைத்தேன். அதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது. அதை நம்ப எனக்கு ஆசையாக இருந்தது, மிஸ்டர் சேது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். திரும்பப் படி என்றார். படித்தேன். மூன்றாம் முறை கேட்டுவிட்டு, 'அப்படியானால் இத்தனை வருஷமாக நான்தான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது' என்றார். அதற்குப் பிறகு அவர் மீனைப் பற்றிப் பேசவே இல்லை. பக்கத்து வீட்டார் கேட்டால்கூட, எனக்கென்ன தெரியும், மதராஸ்காரரைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுவார்."

மூன்று முறை படித்துக் காட்டினேன் என்று முதல் நாள் அவர் சொன்னபோது என்னை நான் மெச்சிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அந்த இடத்திலேயே வாய்க்காலுக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது. ஆயுள் முழுக்கத் தோமானை அறிந்திருந்த ஒரு மனிதரை, கடைசி நாட்களில், அது தனக்குத் தெரியாது என்று எண்ண வைத்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த ஆக மோசமான வகைப்பாடு அதுதான். வேலு இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அன்று அவர் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

மறுநாள் காலை பெட்டியைக் கட்டிவிட்டேன். தெய்வானை வந்து பார்த்தார். பெட்டியைத் தூக்கி அலமாரிக்கு மேலே, எனக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார்.

உச்சி வேளையில் கூடத்தில் இலை போட்டார்கள். விளக்கு, சாம்பிராணி, மங்குஸ்தான், துரியான். சோறும் பலகாரமும் அவருக்குப் பிடித்த கறிகளும் வந்தன. கடைசியாகத் தெய்வானை ஒரு பெரிய மீனைப் பொரித்துக் கொண்டுவந்து இலையின் நடுவில் வைத்தார். தோமான். மாட் காலையிலேயே காதர் பாயிடம் கொடுத்தனுப்பியிருந்தார். சொந்தக்காரர்கள் கூடம் நிறைய நின்றார்கள். நான் வாசற்படிக்கு வெளியே ஒதுங்கி நின்றேன்.

வேலு வேட்டி கட்டி, தலைத்துணி சுற்றி, இலைமுன் உட்கார்ந்தார். அவர்கள் மலாயில் ஒவ்வொரு சேதியாகச் சொன்னார்; என் பக்கத்தில் நின்ற காதர் பாய் காதோடு மொழிபெயர்த்தார். யாரோ ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது, கூரை மாற்றியது, நாடு சுதந்திரம் அடையப்போவது. சுதந்திரத்துக்கு அவர்கள் சொல்லும் மெர்டேக்கா என்ற சொல் மட்டும் எனக்கே புரிந்தது. பிறகு நிறுத்தினார். திரும்பி என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"மீன் சேதியை நீங்கள் சொல்லுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். "உங்கள் கடிதத்தைத்தான் அவர் நம்பினார். நான் சொன்னால் நம்ப மாட்டார்."

"எனக்கு மலாய் தெரியாதே."

"உங்களுக்கு வருகிற மொழியில் சொல்லுங்கள். அவர் தினமும் தமிழ்ச் சாமியோடு பேசியவர்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கடிபட்ட கால் மடங்கவில்லை. ஒரு காலை நீட்டியபடிதான் இலைமுன் உட்கார முடிந்தது. கூடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவில்லை.

"ஐயா," என்றேன். "நீங்கள் சொன்னதுதான் சரி. அது தோமான் குஞ்சுதான்."